அட்டையின் இரண்டு பக்கம்

கேள்வி: "உடம்பை உள்ளபடி ஏத்துக்கம்மா" என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். "எட்டு கிலோ குறைங்க" என்கிறார் டாக்டர். உயரம் 156 செ.மீ., எடை 72 கிலோ. எடை மெஷின் வாங்கி வைத்து காலையும் மாலையும் ஏறிப் பார்க்கிறேன். யார் பேச்சைக் கேட்பது?
- பெயர் வேண்டாத வாசகி, குடியாத்தம்

பதில்: முதலில் மெஷினை விட்டு இறங்குங்கள் தாயே! மெஷின் என்றால் ரயில்வே பிளாட்பாரத்தில் நின்றதே, அதுதான் மெஷின். கலர் பல்பு மினுக்கும், சக்கரம் நின்றதும் காசு போட்டால் டக்கென்று அட்டை விழும். ஒரு பக்கம் எடை. இன்னொரு பக்கம் 'உங்கள் இனிய குணம் எல்லோரையும் கவரும்' ரகத்தில் ஜோசியம். டாக்டரும் மகளும் ஒரே அட்டையில்! தொண்ணூறு கிலோ ஆசாமியும் குணத்தைப் படித்துவிட்டுச் சிரித்தபடி வண்டி ஏறுவார். உங்கள் வீட்டு மெஷினுக்கு அந்த நாகரிகம் கிடையாது.

ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது கொழுப்பு அல்ல. தண்ணீர், உப்பு, வயிற்றில் கிடக்கும் சாப்பாடு. ராத்திரி ஆம்பூர் பிரியாணி என்றால் காலையில் முள் ஏறத்தான் செய்யும். வாரம் ஒரு நாள், காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றோடு, மெஷினைப் பாய்மேல் வைக்காமல் தரையில் வைத்துப் பார்த்தால் போதும்.

தையல் டேப் இன்னும் உருப்படி. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் வயிற்றுச் சுற்றளவை அளக்க வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 எல்லை. வயிற்றை எக்கினால் டேப் ஏமாறும், சர்க்கரை ஏமாறாது.

உயரத்துக்கு ஏற்ற எடையா என்று சொல்லும் பி.எம்.ஐ. உங்களுக்கு 29.6. அந்தக் கணக்கைப் போட்ட கெட்லே பெல்ஜியத்து வானியலாளர்; அவர் சூத்திரத்துக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். அதற்காகத் தள்ளிவிடவும் முடியாது. ஆசியர்களுக்கு 23 தாண்டினாலே ஜாக்கிரதை.

கண்ணாடியோடு சண்டை வேண்டாம், மகள் கட்சி சரி. ஆனால் சர்க்கரை, பி.பி. பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். எட்டு கிலோ மலைப்பாக இருந்தால் முதலில் 3.6. எடையில் 5 சதவீதம் குறைந்தாலே பலன் தெரியும். வாரம் 150 நிமிடம் வேக நடை. வேலூர் மே மாதத்தில் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள்.

'சீரகச் சம்பா குண்டாக்கும், பாஸ்மதி இளைக்க வைக்கும்' என்று மாதம் தவறாமல் எழுதும் அன்பருக்கும் இதோடு பதில்: எந்த அரிசியும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரிதான். குற்றவாளி பிரியாணிக்குப் பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கிறார். எண்ணெய்க் கத்தரிக்காய்! ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. கத்தரிக்காய் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். காம்போடு நாலாகக் கீறி, ஆறு நிமிடம் ஆவியில் வேகவைத்துவிட்டுத் தாளிப்பில் போடுங்கள், எண்ணெய் இரண்டு கரண்டியில் அடங்கும். நம்மூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் விசேஷம். 2023இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. பிரியாணிக் கத்தரிக்காயை ஆவியில் வேகவைக்கச் சொன்னதற்கு ஆம்பூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், பார்சலோடு வந்தால் சரி.