அம்மாவோடு ஸ்மார்ட் மியூசியம் போகலாமா?

சிகாகோ பல்கலைக்கழகத்தில் மகன் வகுப்பு முடிக்கும்வரை இரண்டு மணி நேரம் இருக்கிறது, அம்மாவுக்கு மூட்டுவலி, வளாகத்திலுள்ள ஸ்மார்ட் மியூசியம் என்ற கலை அருங்காட்சியகம் தோதுப்படுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். நுழைவு இலவசம். இடமும் சின்னதுதான், ஒரு மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்துவிடலாம். டிக்கெட் காசை ஈடுகட்ட வேண்டுமே என்று ஓட வேண்டியதில்லை. அம்மாவுக்கு முடியாவிட்டால் பாதியில் கிளம்பிவிடலாம்.

1974-இல் திறந்தது. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் சேகரிப்பில் உண்டு, ஆனால் ஒரு நேரத்தில் கொஞ்சம்தான் வெளியே வைப்பார்கள். அதனால் உள்ளே போனதும் அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், தான் கட்டிய ரோபி ஹவுஸ் என்ற வீட்டுக்காக வடிவமைத்த சாப்பாட்டு மேசையும் நாற்காலிகளும் இப்போது பார்வைக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். உயரமான முதுகுள்ள அந்த நாற்காலிகள் மேசையைச் சுற்றி ஒரு தனி அறையையே எழுப்பிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அந்த வீடும் பக்கத்திலேயே, உட்லான் அவென்யூவில் இருக்கிறது. அம்மா நடக்கத் தயார் என்றால் வெளியிலிருந்தாவது காட்டுங்கள்.

அப்புறம், திங்கட்கிழமை விடுமுறை. கண்காட்சி மாற்றும் நாட்களிலும் கூடங்களை மூடுவதுண்டு, முந்தின நாளே இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.