அறக்கட்டளை உறுப்பினர்களை முறைதவறி மாற்றினால் யார் பொறுப்பு?

கேள்வி இதுதான்: அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவைத் தலைவர் விதிப்படி இல்லாமல் தன் விருப்பத்துக்கு மாற்றிவிட்டால் சட்டப்படி என்ன ஆகும்?

முதலில் அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நீக்கும் அதிகாரம் யாருக்கு, எத்தனை நாள் முன்னறிவிப்பு, கூட்டத்துக்குக் குறைந்தது எத்தனை பேர் என்பதெல்லாம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். அதை மீறிய தீர்மானத்தைச் செல்லாது என்று நீதிமன்றம் அறிவிக்கலாம். அப்போது பழைய உறுப்பினர்களே தொடர்வார்கள். நிறுவியவர் என்பதாலேயே யாருக்கும் நீக்கும் உரிமை வந்துவிடாது. பலர் சறுக்குவது இங்கேதான்.

சரி, இடையில் ‘புதிய’ குழு செலவழித்த பணம்? நியமனமே செல்லாவிட்டாலும், சொத்தைக் கையாண்டவர் அறங்காவலரைப் போலவே கணக்குக் காட்ட வேண்டும். இழப்பு வந்திருந்தால் சொந்தப் பணத்திலிருந்து ஈடுகட்டவும் நேரலாம். நல்லெண்ணத்தில் நடந்த சின்னப் பிசகு என்றால் நீதிமன்றம் கொஞ்சம் இரங்கக்கூடும். ஆனால் நடக்காத கூட்டத்துக்குக் குறிப்பு எழுதி, மற்றவர் கையெழுத்தையும் போட்டிருந்தால் அது போலி ஆவணம், அதாவது குற்ற வழக்கு.

நீக்கப்பட்டவர் உடனே வங்கிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்துவிட்டு, அப்புறம் இடைக்காலத் தடை கேட்கலாம். மாதக்கணக்கில் சும்மா இருந்தால், சம்மதித்துவிட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடும்.