வீட்டுக்கு ஷட்டர் இல்லையே, மேடம்

வணக்கம் மேடம். எனக்கு வயது 32. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போகும் வழியில் மாமனாருடைய மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. வெள்ளை ஈ வந்ததிலிருந்து காய்ப்பு குறைந்து, தேங்காயை மட்டும் நம்ப முடியாது என்று ஆகிவிட்டது. வால்பாறை போகிறவர்கள் எல்லாம் இந்தப் பக்கம்தானே வருகிறார்கள், தோப்புக்குள் இரண்டு அறை கட்டி ஃபார்ம் ஸ்டே நடத்தலாம் என்று சொன்னதே நான்தான். கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு என் கணவரும் வந்தார்.

ஒன்றரை வருடம் ஆகிறது. வருகிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் இரவு பத்தரைக்கு அடுப்பைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், "அக்கா, ஒரு டீ கிடைக்குமா" என்று சமையலறைக்குள்ளேயே வந்து நிற்கிறார்கள். சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுக்கிறேன், அப்புறம் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுகிறேன். படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. போன வாரம் என் ஐந்து வயது மகள், கன்றுக்குட்டியோடு போட்டோவுக்கு நிற்கச் சொல்லி விருந்தாளிகள் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டபோது கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வந்து, "நாளைக்கு நம்ம வீட்டுக்கு யாரும் வரமாட்டாங்கதானேம்மா?" என்று கேட்டாள். அவரிடம் சொன்னால் "நீதானே ஆசைப்பட்டாய்" என்று சொல்லிவிடுவாரோ என்று வாயைத் திறக்கவில்லை. விருந்தாளியைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறதே, நான் கெட்டவளா?

ஆலோசகர் பதில்:

இல்லைம்மா. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். உங்களுக்கு மூன்று நாளில் ஆள்தான் மாறுகிறார்கள், விருந்து முடிவதே இல்லை. களைத்திருக்கும்போதும் சிரித்த முகமாக இருப்பதும் உழைப்புதான். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-லேயே அதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் விமானம் தரையிறங்கினால் அவர்கள் வேலை முடியும், கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போவார், உங்களுக்கோ கடையே வீடு.

அதனால் ஷட்டரை நீங்களேதான் வைக்க வேண்டும். பதிவு நோட்டை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் சனி, ஞாயிறும் மே மாத விடுமுறையுமாகத்தான் நிறைந்திருக்கும். கூட்டம் குறைவான இரண்டு நாளுக்கு முன்பதிவே வாங்காதீர்கள். சமையலறைக்கும் உங்கள் படுக்கையறைக்கும் விருந்தினர் வரக்கூடாது, அதை அறை கொடுக்கும்போதே சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இரவு ஒன்பதுக்கு மேல் டீ வேண்டும் என்பவர்களுக்கு அறையிலேயே ஒரு கெட்டிலும் டீத்தூளும் போதும். மகள் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அவளாக ஆசைப்பட்டுக் கன்றைக் காட்டினால் காட்டட்டும், கூப்பிட்டு நிறுத்த வேண்டாம்.

கணவரிடம் இரவில் பேசாதீர்கள், இருவருமே களைத்திருப்பீர்கள். ஆள் இல்லாத ஒரு காலையில் தோப்புக்குள் நடந்துகொண்டே, "இதை மூட வேண்டாம், ஆனால் இப்படியே என்னால் முடியாது" என்று ஆரம்பியுங்கள். மகள் கேட்டதை அவள் சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்கள். ஆசைப்பட்டது நீங்கள்தான், சரி. ஆசைப்பட்டவருக்குக் களைப்பு வரக்கூடாது என்று எந்த ஊரிலும் சட்டம் இல்லை. அவரும் வேலையை விட்ட பயத்தில்தான் வருகிற யாரையும் மறுக்காமல் இருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது, அதையும் கேட்டுப் பாருங்கள்.

தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். ராத்திரியில் மனம் தாங்கவில்லை என்றால் 14416-க்கு அழைக்கலாம், அரசின் டெலி-மானஸ் மனநல ஆலோசனைச் சேவை, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். பேசியபின் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.