எந்த வேலை நின்றுபோனது? டேப்லெட் மாற்றலாமா என்று கேட்டவர்களுக்கு

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நான் சிம்மக்கல்லில் போனும் டேப்லெட்டும் பழுது பார்க்கிறவன் என்பது தெரியும். அதனால் இரண்டு சுற்று நிம்மதியாக நடக்க விடமாட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே நான் சொல்லும் பதில் பாதிதான் அவர்கள் காதில் விழும். கேள்வியை எழுதிக் கொடுங்கள் என்றேன். உறவுக்காரர்களின் கேள்விகளையும் சேர்த்துக் கட்டாகக் கொண்டுவந்துவிட்டார்கள். எல்லோரிடமும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பழைய டேப்லெட்டில் எந்த வேலை நின்றுபோனது?

2020-இல் வாங்கிய சாம்சங் கேலக்ஸி டேப் ஏ7. செய்தித்தாள் படிப்பேன், கச்சேரி கேட்பேன், அவ்வளவுதான். இப்போது ஒரு பக்கம் திறப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது. புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்று மகன் சொல்கிறான். வாங்கட்டுமா? (ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், அண்ணா நகர்)

ஐயா, போன வாரம் படிக்கட்டில் உட்கார்ந்து நானே அதைப் பார்த்தேன். 32 ஜிபி சேமிப்பிடத்தில் 700 எம்பி கூட மிச்சமில்லை. அடைத்துக்கொண்டிருந்தவை ரோஜாப்பூ போட்ட காலை வணக்கப் படங்களும், ஒரே கல்யாண வீடியோவின் நான்கு பிரதிகளும். இடம் இப்படி நிறைந்துவிட்டால், எதையாவது புதிதாக எழுத வேண்டிய ஒவ்வொரு முறையும் கருவி திணறும். உங்களுடையதில் ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம், 3 ஜிபிதான் என்பதால் திணறல் இன்னும் கூடத் தெரியும். வீடியோக்களை அழியுங்கள். ஓரத்தில் மெமரி கார்டு போடும் பொந்து இருக்கிறது, படங்களை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். முழு வேகம் திரும்பாது; காபி ஆறாமல் குடிக்கும் அளவுக்குத் திரும்பும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். அந்த மாடலுக்கு ஆண்ட்ராய்டு 12-உடன் பெரிய அப்டேட்டுகள் முடிந்துவிட்டன. செய்தித்தாள் படிக்க அது குறையில்லை. ஆனால் பாதுகாப்புக்குப் போதாது; வங்கிச் செயலியை அதில் திறக்க வேண்டாம்.

மகன் பாசத்தைத் தடுக்க நான் யார்? ஆனால் எழுத்து பெரிதாகத் தெரியும் என்பதற்காக வாங்குவதாக இருந்தால் யோசியுங்கள். உங்கள் திரை 10.4 அங்குலம், கடையில் காட்டுவார்கள் என்று நான் நினைக்கும் டேப் ஏ9 பிளஸ் 11 அங்குலம். அரை அங்குலத்துச் சொச்சத்திற்கு அத்தனை ஆயிரம் கொடுப்பதைவிட மூக்குக்கண்ணாடியை மாற்றுவது மேல்.

மகள் நீட் தேர்வுக்குப் படிக்கிறாள். 9ஆம் தலைமுறை ஐபேட், 64 ஜிபி இருக்கிறது. அவளுடைய தோழிகள் ஐபேட் ஏர் வைத்திருக்கிறார்களாம். (ஒரு தாய், திருமங்கலம்)

வேண்டாம் அம்மா. 2021-இல் வந்த மாடல் என்றாலும் 2025-இன் ஐபேட்ஓஎஸ் 26 அதற்கும் கிடைத்தது. பாட வீடியோவுக்கும் குறிப்பெடுக்கவும் அதிலுள்ள ஏ13 சிப் தாராளம். 64 ஜிபிதான் இடிக்கும். பார்த்து முடித்த பாடங்களை ஞாயிறுதோறும் அழிக்கச் சொல்லுங்கள்.

தோழியின் ஏரில் எழுதினால் நன்றாக இருக்கிறது என்று அவள் சொல்லியிருப்பாள். பொய்யில்லை. உங்களிடம் இருப்பதில் மேல் கண்ணாடிக்கும் திரைக்கும் இடையே மெல்லிய இடைவெளி உண்டு, பேனா நுனி ஓரிடத்திலும் கோடு ஒரு மயிரிழை கீழேயும் தெரியும். ஏரில் இரண்டையும் சேர்த்தே ஒட்டியிருப்பார்கள். ஆனால் கீழே விழுந்தால்? உங்களுடையதில் உடைந்த கண்ணாடியை மட்டும் மாற்றித் தர என்னால் முடியும். ஏரில் திரையையே சேர்த்து மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கேட்டுவிட்டு என் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்ட அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

தவிர, 2025 நீட் தேர்வு நடந்தது காகிதத்தில்: 180 கேள்விகள், 180 நிமிடங்கள், பால்பாயின்ட் பேனாவால் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். அந்தப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து மாதிரித் தேர்வுத் தாள்கள் வாங்கிக் கொடுங்கள்.

அடுத்த மாடல் வரும்வரை பொறுக்கலாமா? (கே.கே. நகர்)

சித்திரைத் திருவிழாவுக்கு நாள் குறிப்பதுபோல இதற்குக் குறிக்க முடியாது. சாதாரண ஐபேடின் 10ஆம் தலைமுறை 2022 அக்டோபரில் வந்தது, அதற்கு அடுத்தது 2025 மார்ச்சில்தான் வந்தது. தேவை இன்று இருந்தால் இன்று வாங்குங்கள். இல்லாவிட்டால் அடுத்தது வந்தாலும் வாங்காதீர்கள்.

கீழவாசல் பக்கம் இருந்து சுங்குடிச் சேலைகளுக்கு டிசைன் வரைந்து தருகிறேன். 10ஆம் தலைமுறை ஐபேடும் யூஎஸ்பி-சி ஆப்பிள் பென்சிலும் வைத்திருக்கிறேன். எவ்வளவு அழுத்தினாலும் புள்ளி ஒரே அளவில் விழுகிறது. ஐபேட் பழசாகிவிட்டது, ப்ரோ வாங்குங்கள் என்கிறார்கள். உண்மையா?

இந்தக் கட்டில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். சொன்னவர்கள் ஐபேடின் மேல் பழியைப் போட்டுவிட்டார்கள். குறை பென்சிலில் இருக்கிறது, அதையும் குறை என்று சொல்லக் கூடாது. 2023-இல் வந்த அந்த யூஎஸ்பி-சி பென்சிலுக்கு அழுத்தம் உணரும் வசதியே கிடையாது. நீங்கள் மேசை உடையும்படி அழுத்தினாலும் புள்ளி தடிக்காது. 70,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வேறு ஐபேட் வாங்கி, இதே பென்சிலால் வரைந்தால் அதிலும் இதே புள்ளிதான் விழும்.

உங்கள் ஐபேடுக்கு அழுத்தம் உணரும் பென்சில் ஒன்றுதான் பொருந்தும்: முதல் தலைமுறை ஆப்பிள் பென்சில், 2015-இல் வந்த பழைய சரக்கு. அதை இந்த ஐபேடோடு இணைக்கவும் சார்ஜ் ஏற்றவும் விரல்கடையளவு அடாப்டர் ஒன்று தேவை. அதன் வால் பக்கத்து மூடி காந்தத்தில் ஒட்டி நிற்கும், தொட்டால் கழன்று ஓடும். என் மேசை இழுப்பறையில் மூடியில்லாத பென்சில்கள் மூன்று கிடக்கின்றன. இந்தத் தொல்லைகளைப் பொறுத்துக்கொண்டால் 2025-இன் பட்டியல் விலைப்படி 9,500 ரூபாயில் உங்கள் புள்ளி தடிக்கும், மெலியும்.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் என் கடைக்கு வாருங்கள். அப்படி ஒரு பென்சில் இருக்கிறது, உங்கள் ஐபேடோடு இணைத்து ஒரு முந்தானை மூலையை வரைந்து பாருங்கள். முடிச்சுக் கட்டிச் சாயத்தில் தோய்த்துப் பிரித்த துணியில் ஒரு புள்ளி இன்னொன்றைப் போல இருக்காது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அந்த ஏற்ற இறக்கம் கையில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு முடிவு செய்யலாம்.

ஐபேடையே மாற்றும் காலமும் வரும். வரையும் செயலியில் அடுக்குகளை (ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரையும் தாள்கள் மாதிரி) கூட்ட முடியாமல் 'இதற்கு மேல் இடமில்லை' என்று வர ஆரம்பித்தால், அதுதான் அந்தக் காலம். உங்களுடையதில் ரேம் 4 ஜிபி. எம்3 சிப் கொண்ட ஏரில் 8. அப்போதும் ப்ரோ வேண்டாம், ஏர் போதும். ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள். எம்3 ஏரின் 11 அங்குல மாடல் 2025-இல் 59,900 ரூபாய்க்கு வந்தது. முதல் தலைமுறைப் பென்சிலும் சரி, இரண்டாம் தலைமுறைப் பென்சிலும் சரி, அதனோடு பேசாது. பென்சில் ப்ரோ வாங்க வேண்டும், 11,900. ஆக 71,800. உறையும் பழையது பொருந்தாது. கடைக்காரர் முதல் எண்ணை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்.

வண்ணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ஏரின் திரை கூடுதல் வண்ணங்களைக் காட்டும். ஆனாலும் சாயத்தொட்டியிலிருந்து வெளியே வரும் அரக்கு எந்தத் திரையிலும் அப்படியே தெரியாது. அதற்காக மாற்ற வேண்டாம்.

மேலூர் பக்கம் நிலம் வாங்கி விற்கிறேன். என் ஐபேடில் வரைபடத்தைத் திறந்தால் நான் நிற்கும் இடம் எங்கோ காட்டுகிறது. புதிய மாடலில் சரியாகிவிடுமா?

வைஃபை மட்டும் உள்ள ஐபேடுகளில் ஜிபிஎஸ் கிடையாது அண்ணே. சுற்றியிருக்கும் வைஃபை இணைப்புகளை வைத்து இடத்தை ஊகிக்கும். கண்மாய்க் கரையில் வைஃபைக்கு எங்கே போவது? நீங்கள் புத்தம் புதிய வைஃபை மாடலை வாங்கினாலும் இதே கதைதான். சிம் போடும் மாடலாக வாங்குங்கள், பழைய மாடலானாலும் போதும். ஆண்ட்ராய்டில் பல வைஃபை டேப்லெட்டுகளிலேயே ஜிபிஎஸ் இருக்கிறது; சாம்சங் டேப் எஸ்6 லைட் அப்படிப்பட்டது. எதை வாங்கினாலும் சில மீட்டர் முன்பின் இருக்கும். வரப்புத் தகராறுக்கு நில அளவரைத்தான் கூப்பிட வேண்டும், திரையை நீட்டிக் காட்டினால் அடிதான் விழும்.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கடை. வரவு செலவை டேப்லெட்டில் எழுதுகிறோம். ஈரக்கையால் தொட்டால் தானாகவே எண்கள் விழுகின்றன, ஏற்கெனவே ஒன்று தண்ணீர் பட்டுப் போய்விட்டது. மாற்றலாமா?

மாற்றுங்கள். இந்தக் கட்டில் யோசிக்காமல் 'மாற்றுங்கள்' என்று நான் சொல்வது உங்களுக்குத்தான். மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிற இடத்தில் சாதாரண டேப்லெட்டுக்கு ஆயுள் குறைவு. சாம்சங் டேப் எஸ்9 எஃப்இ போல, தூசியையும் தண்ணீரையும் தாங்கும் ஐபி68 தரம் உள்ளதைப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பது அதற்குச் சாம்சங் சொல்லும் கணக்கு.

அதைவிட உங்களுக்குப் பயன்படப்போவது கூடவே வரும் பேனா. விரல் பட்டால் தெரிந்துகொள்ளும் முறை வேறு, அந்தப் பேனாவை உணரும் முறை வேறு. திரையில் விழுந்த துளியை விரல் என்று நினைத்துத்தான் எண்கள் தானாக விழுகின்றன. பேனா மின்காந்த முறையில் வேலை செய்வதால் துளிகளுக்கு நடுவிலும் முழம் எத்தனை, கிலோ எத்தனை என்று எழுதலாம். எழுத அதற்குச் சார்ஜும் வேண்டாம். ஒரு நூலில் கட்டித் தராசுப் பக்கம் தொங்கவிடுங்கள்.

ஈரம் காயாமல் சார்ஜரைச் செருகாதீர்கள். தண்ணீரைத் தாங்கும் என்ற தைரியத்தில் இதைச் செய்து, சார்ஜ் ஏறும் முனை பச்சை பூத்துக் கொண்டுவருகிறார்கள். யூபிஐ பணமும் அதிலேயே பார்க்க நினைத்தால், வங்கியில் பதிந்த சிம் அந்தக் கருவியிலேயே இருந்தாக வேண்டும். வைஃபை மாடலில் அது நடக்காது. போனிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஐபேட் ஏர் 2-ஐப் பேரனுக்குக் கொடுக்கலாமா?

2014 மாடல், ஐபேட்ஓஎஸ் 15-உடன் நின்றுவிட்டது. பல செயலிகள் ஏறாது. ஏற்கெனவே இறக்கிய படங்கள், பாட்டு, புத்தகம் இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேரன் இரண்டு நாளில் உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவான்.

பாதி விலையில் ஒருவர் பயன்படுத்திய ஐபேட் கிடைக்கிறது. வாங்கலாமா? (கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்)

தம்பி, தொழிலில் இருக்கும் நானே ஒருமுறை ஏமாந்தவன். புதுசு போல மின்னியது, பெட்டியும் இருந்தது. வீட்டுக்கு வந்து திறந்தால் முந்தைய சொந்தக்காரரின் கணக்கும் கடவுச்சொல்லும் கேட்டது. விற்றவர் போனை எடுக்கவில்லை. அதை உதிரிபாகமாகத்தான் விற்க முடிந்தது. ஆகவே விற்கிறவர் உங்கள் கண் முன்னால் தன் கணக்கிலிருந்து வெளியேறி, முழுவதும் அழித்து, 'வணக்கம்' திரையிலிருந்து நீங்களே உங்கள் கணக்கைப் போட்டு உள்ளே போக வேண்டும். அதுவரை பணத்தை எண்ணாதீர்கள். நிறுவனமோ பள்ளியோ நிர்வகிக்கிறது என்று ஒரு வரி தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

டியூஷன் எடுக்கிறேன். மூன்று வருட டேப்லெட், மதியத்திற்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. நாள் முழுக்கச் சார்ஜரிலேயே போட்டு ஓட்டுகிறேன். இப்போது திரையின் ஒரு ஓரம் லேசாகத் தூக்கியிருக்கிறது. புதிய மாடலுக்குப் போய்விடவா? (உசிலம்பட்டி)

கேள்வியின் கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். சார்ஜ் இறங்குவது மட்டும் என்றால் பேட்டரி மாற்றினால் போதும், கருவியை மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆப்பிளே 35 டிகிரிக்கு மேல் ஐபேடைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. நம் ஊர்ச் சித்திரை வெயில் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் நாள் முழுக்கச் சார்ஜரிலும் கிடந்தால் பேட்டரி சீக்கிரம் கெடும்.

ஓரம் தூக்குகிறது என்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். ஒரு விசிட்டிங் கார்டு அந்த இடுக்கில் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அந்த ஓரத்தை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். மாடலைப் பற்றி அப்புறம் பேசலாம். நாளைக்கே கொண்டுவாருங்கள். பஸ்ஸில் வருவதாக இருந்தால் பையில் தனியாக வையுங்கள், மேலே டிபன் பாக்ஸை ஏற்றாதீர்கள்.