சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும்

கோத்தகிரியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

நர்ஸிங் கடைசி வருஷம் படிக்கும் மகள் திடீரென்று ‘ஹியூமன் ஃபேக்டர்ஸ்’ என்கிறாள், நல்ல வேலையை விட்டுவிட்டு இது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர்தான் மிரட்டுகிறது. மருத்துவக் கருவிகள், பயன்படுத்துபவர் தவறு செய்ய இடம் கொடுக்காமல் அமைந்திருக்கின்றனவா என்று பார்க்கும் துறை இது. விஷயம் பல வீடுகளின் மருந்துப் பெட்டியிலேயே இருக்கிறது.

இன்சுலின் குப்பியில் இரண்டு வகை உண்டு. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைத் தெரியாமல் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை இறங்கி ஆள் மயங்கிவிடலாம். ‘பாட்டிக்குக் கண் தெரியவில்லை’ என்று நாம் சொல்வோம். இந்தத் துறைக்காரர்கள் பாட்டியைக் குறை சொல்ல மாட்டார்கள். கண் மங்கியவர்தான் இதை எடுப்பார் என்று தெரிந்தும் ஏன் இப்படிச் செய்து வைத்தீர்கள் என்று கம்பெனியைக் கேட்பார்கள்.

வேலை இதுதான்: கருவி கடைக்கு வருமுன், அதைப் பயன்படுத்தப் போகிறவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது. எங்கே தயங்கினார், எந்தப் பட்டனைத் தேடினார் என்று குறிப்பது. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் நம் ஆட்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதனால் கண்ணைத்தான் நம்ப வேண்டும். நடுவில் உதவவும் கூடாது. இப்படிச் சின்னச் சின்னச் சோதனைகள் பலமுறை நடக்கும், அப்புறம்தான் இறுதிச் சோதனை. அதற்கு ஒவ்வொரு வகைப் பயனாளரிலும் குறைந்தது 15 பேர் வேண்டும் என்கிறது மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி கொடுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். நர்ஸ்கள் 15 பேர், வீட்டில் தானே போட்டுக்கொள்ளும் நோயாளிகள் 15 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் கருவிகளைப் பயன்படுத்த எளிதாக அமைப்பது பற்றி ஐஇசி 62366 என்ற சர்வதேசத் தரநிலையும் உண்டு. ஆக, கம்பெனிகள் ஆசைப்பட்டுச் செய்வதில்லை, செய்தாக வேண்டியிருக்கிறது.

மலைக்காரப் பெண் என்பதும் அவளுக்கு லாபம்தான். டிசம்பர் காலையில் எங்கள் வீட்டுக் குளுக்கோமீட்டர் எர்ரர் காட்டும். பல மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது. என் அம்மா அதைக் கம்பளிக்குள் வைத்துச் சூடேற்றித்தான் எடுப்பார். விரல் சில்லிட்டுப் போனால் ஆக்ஸிமீட்டரும் தடுமாறும். சமவெளியில் ஏசி அறையில் உட்கார்ந்து யோசிப்பவருக்கு இதெல்லாம் தோன்றுமா? தமிழ், படுகு, கொஞ்சம் மலையாளம், கன்னடம் என்று நம் பிள்ளைகள் பேசுவதும் இந்த வேலையில் காசு பெறும்.

சரி, என்ன செய்யலாம்? நர்ஸிங்கை முடிக்கட்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நர்ஸிங் கவுன்சில் பதிவையும் கையில் வைத்துக்கொள்ளட்டும். இரண்டு வருஷம் ஐசியூவில் இருக்கட்டும். ராத்திரி மூன்று மணிக்கு மருந்து ஏற்றும் பம்ப் நாலு ஒன்றாக அலறும்போது எந்தச் சத்தம் எந்தக் கட்டிலுடையது என்று தேடி ஓடியவளுக்குத் தெரிவது, இன்ஜினியருக்குத் தெரியாது. அதன்பிறகு சீட் (CEED) என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வு எழுதி, ஐஐடிகளில் எம்.டெஸ் என்ற வடிவமைப்பு முதுகலைப் படிப்புக்குப் போகலாம். தேர்வு எழுத, பிளஸ் டூவுக்குப் பிறகு மூன்று வருஷப் பட்டம் போதும், வயது வரம்பு இல்லை. ஆனால் படம் வரையச் சொல்வார்கள், அதற்கு இப்போதே கை பழக வேண்டும்.

மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். நர்ஸ் வேலை அளவுக்கு இதில் இடங்கள் இல்லை. இருப்பதும் பெங்களூர், ஹைதராபாத் போன்ற பெரிய ஊர்களில்தான், மலையில் இல்லை. பார்த்ததை ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதவும் வேண்டும். சலிப்பான பகுதி அது.

இந்த வாரம் ஒரு வேலை கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் வீட்டு பிபி மெஷினைக் கொடுத்துவிட்டு, பத்து நிமிஷம் அவள் வாயும் திறக்காமல் கையும் நீட்டாமல் பார்க்கட்டும். பார்த்ததை ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதைப் படித்துவிட்டு மேற்கொண்டு பேசுவோம்.