நான்கைந்து பேருக்கான சாகசத்தைத் தனியாக ஆடலாமா?

கேள்வி: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (கதாபாத்திரமாக மாறி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு) ஆட ரொம்ப நாள் ஆசை. எங்கள் ஊரில் சேர்ந்து ஆட ஆள் இல்லை. தெரிந்தவர் ஒருவர் புதியவர்களுக்கான அதன் 2014 ஸ்டார்ட்டர் செட்டைப் பாதி விலைக்குத் தருகிறார். அதிலுள்ள சாகசம் (ஆடுவதற்கென எழுதிய கதை) நான்கைந்து பாத்திரங்களுக்கானதாம். வாங்கினால் பணம் வீணாகுமா?

பதில்: வீணாகாது, வாங்குங்கள். பெட்டியைத் திறந்து சரிபார்த்த பிறகு பணம் கொடுங்கள். 64 பக்கச் சாகசப் புத்தகம், 32 பக்க விதிப் புத்தகம், தயார்நிலையில் ஐந்து பாத்திரத் தாள்கள், ஆறு பகடைகள் இருக்க வேண்டும். பகடை தொலைந்திருந்தால் தனியாக வாங்கிக்கொள்ளலாம். சாகசப் புத்தகம் இல்லையென்றால் வேண்டாம்.

ஆனால் அப்படியே எடுத்து ஒற்றை ஆளாக ஆடினால் முதல் சண்டையே தாங்காது. ஆரம்பத்திலேயே நான்கு கோப்ளின்கள் (குட்டி அரக்கர்கள்) வழிமறிக்கும். ஒவ்வொன்றின் அடியும் சராசரியாக 5. உங்கள் போர்வீரனின் ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 12. ஒரே சுற்றில் மூன்று அடி விழுந்தால் ஆள் சாய்ந்துவிடுவான்.

எதிரிகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை; ஒவ்வொரு அறைக்கும் முன்னால் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கெவின் கிராஃபோர்ட் எழுதிய 'பிளாக் ஸ்ட்ரீம்ஸ்: சோலோ ஹீரோஸ்' என்ற இலவச பிடிஎஃப் இதைவிட நல்ல வழி. சாகசத்தில் எதையும் மாற்றாமல், அடியை எண்ணும் முறையை மட்டும் மாற்றுகிறது. அடி பட்டதும் உருட்டும் சேதப் பகடையில் 1 வந்தால் சேதமில்லை, 2 முதல் 5 வரை ஒரு புள்ளி, 6 முதல் 9 வரை இரண்டு, 10 அல்லது அதற்கு மேல் நான்கு. உங்களுக்கு அது ஹிட் பாயிண்டில் கழியும். எதிரிக்கு ஹிட் டைஸில் (அதன் பலத்தைக் காட்டும் பகடை எண்ணிக்கை) கழியும். 12 புள்ளி உள்ள ஆள் அப்போது நெடுநேரம் நிற்பான். விளையாட்டின் பழைய பதிப்புகளுக்காக எழுதியது என்பதால் ஐந்தாம் பதிப்பான இந்தப் பெட்டியில் அங்கங்கே நீங்களே முடிவெடுக்க வேண்டிவரும். அது கடினமாக இருந்தால் இரண்டு பாத்திரத் தாள்களை எடுத்து இருவராக ஆடுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் ரகசியம். டஞ்சன் மாஸ்டரும் (கதையை நடத்துபவர்) நீங்களே என்பதால் பக்கத்தைப் புரட்டினாலே எல்லாம் தெரிந்துவிடும். குகை, பாழடைந்த கோட்டை போன்ற இடங்களில் கதவைத் திறந்த பிறகுதான் அந்த அறையின் பத்தியைப் படிப்பது என்று வைத்துக்கொண்டால் போதும், திகில் அப்படியே இருக்கும். யார் குற்றவாளி என்று தேடும் சாகசங்களைத் தனி ஆட்டத்துக்கென்று வாங்காதீர்கள். விடை தெரிந்த பிறகு அவற்றில் ஆட எதுவும் மிஞ்சாது.

புத்தகத்தில் இல்லாத கேள்விகளுக்கு, உதாரணமாகக் காவலாளி தூங்குகிறானா என்பதற்கு, எவ்வளவு வாய்ப்பு என்று நீங்களே மதிப்பிட்டுப் பகடை உருட்டுங்கள். டானா பிஜனின் 'மிதிக் கேம் மாஸ்டர் எமுலேட்டர்' என்ற புத்தகம் இதை விரிவாகச் செய்கிறது. இரண்டாம் பதிப்பு 2023இல் வந்தது. அதற்குக் காசு செலவழிக்க இப்போதே அவசரமில்லை.

கேள்வி: எனக்கு மர்மக் கதைதான் பிடிக்கும். என்ன செய்வது?

பதில்: தனி ஆளுக்கென்றே எழுதியதை எடுங்கள். கால் ஆஃப் கதுல்லு என்ற திகில் மர்ம விளையாட்டுக்கான 'அலோன் அகெய்ன்ஸ்ட் தி ஃபிளேம்ஸ்' பிடிஎஃப்பைக் கேயாசியம் நிறுவனம் இலவசமாகத் தருகிறது. எண்ணிட்ட பத்திகளில் தாவித் தாவிப் போவதால் முடிவு முன்கூட்டியே தெரியாது, விதிகளும் போகப்போகப் பழகிவிடும்.