ஒரே மாதிரி இரண்டு டிராக்டர், ஒரே மாதிரி இல்லாத இரண்டு கடன்

கேள்வி: எனக்கு 12 ஏக்கர் நிலம், வருடம் இரண்டு போகம். இதுவரை வாடகை டிராக்டரில்தான் உழவு ஓட்டினேன். இப்போது 50 ஹெச்பி வண்டி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். இரண்டு கம்பெனி வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். காகிதத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. முதல் வண்டி விலை குறைவு, ஐந்து வருடத்துக்கு வட்டியே இல்லாத தவணை தருகிறார்கள். ரொக்கமாக வாங்கினால் 8 சதவீதம் தள்ளுபடி. ஆனால் ஒர்க்‌ஷாப் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டாவது வண்டி விலை கூட. மணிக்கு அரை லிட்டர் டீசல் மிச்சமாகும் என்கிறார்கள், ஒர்க்‌ஷாப் பக்கத்திலேயே இருக்கிறது, கடன் வட்டியும் 6 சதவீதம்தானாம். வங்கியில் கேட்டால் 9 சதவீதம் சொல்கிறார்கள். வருடம் 500 மணி நேரம் ஓடும் என்று நினைக்கிறேன். சொந்த வேலை 150, மீதி வெளி வாடகை. விலையில் 20 சதவீதம் முன்பணம் கட்ட முடியும். அதற்கு மேலும் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, அதையும் போட்டுவிடலாமா? எந்த வண்டியை வாங்கலாம்?

பதில்: இந்தப் பகுதியைப் பல நாடுகளில் படிக்கிறார்கள் என்பதால், நீங்கள் எழுதிய தொகைகளை எல்லாம் உங்கள் ஊர் டீசல் விலையால் வகுத்து லிட்டராக மாற்றிவிட்டேன். விவசாயிக்குப் பணத்தைவிட டீசல் சீக்கிரம் புரியும் என்பதும் ஒரு காரணம். முதல் வண்டி 8,500 லிட்டர். இரண்டாவது 9,100 லிட்டர். உங்கள் பக்கத்தில் ஒரு மணி நேர உழவு வாடகை 12 லிட்டர்.

டீசல் மிச்சத்தை முதலில் பார்த்துவிடலாம், விற்பவர் அதைத்தான் முன்னால் வைக்கிறார். விலை வித்தியாசம் 600 லிட்டர். மணிக்கு அரை லிட்டர் வீதம் 500 மணி நேரம் ஓட்டினால் வருடம் 250 லிட்டர் மிச்சம். இரண்டரை வருடத்துக்குள் கூடுதல் விலை திரும்பிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 500இல் உங்கள் கையில் இருப்பது 150தான். மீதி 350 மணி நேரமும் அடுத்தவர் நிலத்தில், அடுத்தவர் கூப்பிட்டால்தான். வெளி வேலை வரவே இல்லை என்று வைத்துக்கொண்டால் மிச்சம் வருடம் 75 லிட்டர். அதே 600 லிட்டர் திரும்ப எட்டு வருடம் ஆகும்.

அந்த அரை லிட்டரும் உங்கள் மண்ணில் வருமா என்று தெரியாது. நேரில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். வாங்கப் போகிறவர் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி டேங்கை வாய்வரை நிரப்புங்கள். நுரை அடங்கும்வரை கொஞ்சம் பொறுத்து, இறங்கிய இடத்தை மறுபடி நிரப்ப வேண்டும். அவசரப்பட்டால் இங்கேயே அரை லிட்டர் பிசகிவிடும். பிறகு இரண்டு வண்டியிலும் மண்ணைக் கிளறும் ஒரே ரோட்டாவேட்டரை மாட்டி, ஒரே ஆழத்தில், ஒரே வயலில் ஆளுக்கு ஒரு ஏக்கர் ஓட்டுங்கள். வண்டி நின்ற அதே இடத்துக்கு வந்து, அளவு பார்த்து மறுபடி வாய்வரை ஊற்றுங்கள். மணிக்கு எவ்வளவு என்று பார்க்காதீர்கள், ஏக்கருக்கு எவ்வளவு என்று பாருங்கள். மணிக்கு அதிகம் குடிக்கிற வண்டி வேலையைச் சீக்கிரம் முடித்து, ஏக்கர் கணக்கில் குறைவாகக் குடித்திருக்கலாம். நேரத்தைக் கைக்கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பாணி மணி மீட்டர்கள் இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஓடுபவை; இன்ஜின் மெதுவாக ஓடினால் அதில் ஒரு மணி நேரம் ஆக நிஜத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

50 ஹெச்பி என்பதும் இரண்டு காகிதத்திலும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். சிலர் மெட்ரிக் குதிரைத்திறனில் எழுதுவார்கள். அதில் 50 என்றால் மற்றக் கணக்கில் 49 சொச்சம்தான். அது சின்ன விஷயம். பெரிய விஷயம் பி.டி.ஓ. திறன், அதாவது பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றும் தண்டுக்கு வந்து சேரும் திறன். ரோட்டாவேட்டரைச் சுற்றுவது அந்தத் தண்டுதான். இன்ஜின் திறனில் 10 முதல் 15 சதவீதம்வரை வழியிலேயே போய்விடும். ஆகவே இரண்டு வண்டிக்கும் பி.டி.ஓ. திறனை எழுதி வாங்குங்கள். ஹைட்ராலிக் தூக்கும் எடையும் அப்படித்தான். இணைப்புக் கம்பியின் நுனியில் அளந்ததா, அதற்கு 610 மில்லிமீட்டர் பின்னால் அளந்ததா என்று கேளுங்கள். பின்னால் அளந்தால் எண் குறையும், ஆனால் கருவியின் எடை நிஜத்தில் உட்காருவது அங்கேதான்.

சோதனை அறிக்கை கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோசியர் என்ற விவசாயி வாங்கிய டிராக்டர், விளம்பரம் சொன்ன வேலையைச் செய்யவில்லை. மனிதர் சட்டமன்ற உறுப்பினரும்கூட. சோதித்துப் பார்க்காத டிராக்டரை மாநிலத்தில் விற்கக் கூடாது என்று 1919இல் சட்டமே கொண்டுவந்துவிட்டார். 1920இல் சோதனை தொடங்கியது. இன்று ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் விதிமுறைப்படி நடக்கும் சோதனைகளிலும் பி.டி.ஓ. திறன், இழுவைத் திறன், டீசல் செலவு எல்லாம் எண்ணாக வந்துவிடும்.

சரி, இனி கடன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது நான் நின்ற இடம் இதுதான்.

இரண்டாவது வண்டிக்காரர் சொன்ன 6 சதவீதம் ஃபிளாட் வட்டி. நீங்கள் அனுப்பிய தவணை அட்டவணையிலேயே அது தெரிகிறது. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், முதல் நாள் வாங்கிய முழுக் கடனுக்கும் ஐந்து வருடமும் வட்டி போடுகிறார்கள். கடன் 7,280 லிட்டர். வருடம் 6 சதவீதம் என்றால் ஐந்து வருடத்துக்கு 30 சதவீதம், அதாவது 2,184 லிட்டர் வட்டி. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் இது கிட்டத்தட்ட 11 சதவீத வட்டி. வங்கியின் 9 சதவீதம் குறையும் அசலுக்கானது. அதே கடனுக்கு அதே ஐந்து வருடத்தில் வட்டி சுமார் 1,790 லிட்டர்தான் வரும். 6 பெரியதா 9 பெரியதா என்றால் இங்கே 6தான் பெரியது.

முதல் வண்டியின் வட்டியில்லாத் தவணையும் இலவசம் இல்லை. ரொக்கத் தள்ளுபடி 8 சதவீதம், அதாவது 680 லிட்டரை விட்டுக்கொடுத்துத்தான் அதை வாங்குகிறீர்கள். உண்மையில் நீங்கள் கடன் வாங்குவது 6,120 லிட்டர், திருப்பிக் கட்டுவது 6,800. வட்டியாகப் பார்த்தால் வருடத்துக்கு 4 சதவீதத்துக்குச் சற்று மேல். இந்தச் சலுகைகளில் வழக்கமாக எனக்கு நம்பிக்கை குறைவு; ஆனால் உங்கள் விஷயத்தில் இது லாபம். வங்கியில் 9 சதவீதத்துக்கு வாங்கி ரொக்க விலைக்கு எடுத்தால் வட்டியே 1,500 லிட்டர் ஆகியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் மூன்றை மட்டும் பாருங்கள்: செயல்பாட்டுக் கட்டணம் என்ற பெயரில் எவ்வளவு பிடிக்கிறார்கள், அவர்கள் சொல்லும் காப்பீட்டைத்தான் எடுக்க வேண்டுமா, ஒரு தவணை தவறினால் முழுக் கடனுக்கும் வட்டி திரும்ப வந்துவிடுமா. மூன்றாவது இருந்தால் அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்காவிட்டால் என் கணக்கு செல்லாது.

இப்போது மொத்தத்தைப் பாருங்கள். முதல் வண்டிக்கு முன்பணத்தோடு சேர்த்து ஐந்து வருடத்தில் போவது 8,500 லிட்டர். இரண்டாவதற்கு வங்கிக் கடனில் சுமார் 10,890. கம்பெனிக் கடனில் 11,280க்கு மேல். 600 லிட்டர் வித்தியாசம் என்று நினைத்த இடத்தில் குறைந்தது 2,390 லிட்டர் நிற்கிறது. இரண்டாவது வண்டிக்காரரும் 8 சதவீதம் தள்ளுபடி கொடுத்து, நீங்கள் வங்கிக் கடனில் வாங்கினாலும்கூட 1,480 லிட்டர் அதிகம்தான். அந்த அரை லிட்டர் மிச்சம் 500 மணி நேரத்துக்கும் உண்மையாகவே வந்தால்கூட ஐந்து வருடத்தில் கிடைப்பது 1,250 லிட்டர்.

ஒர்க்‌ஷாப் தூரம்தான் இரண்டாவது வண்டிக்கு மீதி இருக்கும் ஒரே பலம். சாதாரணமாக நான் இதற்கு நிறைய மதிப்பு கொடுப்பேன். விதைக்கிற வாரத்தில் வண்டி படுத்துக்கொண்டால் அந்த வாரம் திரும்ப வராது. ஆனாலும் டீசல் மிச்சத்தைச் சேர்க்காமல் எண்ணில் பாருங்கள்: 2,390 லிட்டரை ஐந்தால் வகுத்தால் வருடம் 478. எட்டு மணி நேர வாடகை 96 லிட்டர். ஆகவே முதல் வண்டி மற்றதைவிட வருடம் ஐந்து நாள் கூடுதலாகப் படுத்தால்தான் தூரம் விலையைச் சாப்பிடும். உத்தரவாதக் காலத்தில் ஒழுங்கான வண்டி அப்படிப் படுக்காது. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதை ஷோரூமில் கேட்காதீர்கள். பக்கத்து ஊர் மெக்கானிக்கிடம் கேளுங்கள். கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப், ஹைட்ராலிக் சீல் மூன்றும் எத்தனை நாளில் கிடைக்கும், இந்த மாடலைக் கழற்றிப் பூட்டிய அனுபவம் உண்டா என்று கேட்டால் போதும். வாரக்கணக்கில் ஆகும் என்று அவர் சொன்னால் நானும் மனதை மாற்றிக்கொள்வேன். ஃபில்டர்களும் ஒரு ஃபேன் பெல்ட்டும் எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. வண்டி வாங்கவே வேண்டுமா? முதல் வண்டிக்கு வருடத் தவணை 1,360 லிட்டர். மணிக்கு 7 லிட்டர் டீசல், 1 லிட்டர் பராமரிப்பு என்று வைத்தால், சொந்த வேலையில் மணிக்கு 4 லிட்டர் மிச்சமாகும். 150 மணி நேரத்துக்கு 600. மீதி 760ஐ வெளி வாடகை சம்பாதிக்க வேண்டும். டிரைவர் கூலிக்கு மணிக்கு 1 லிட்டர் போனால் கையில் நிற்பது 3. ஆக 250 மணி நேரத்துக்கு மேல் வெளி வேலை வந்தால்தான் வண்டி தன் தவணையைத் தானே கட்டும். நீங்கள் சொல்கிற 350 வந்தால் தாராளம். பாதிதான் வந்தால் வருடம் 235 லிட்டர் உங்கள் கையிலிருந்து போகும். ஐந்தாம் வருடம் வண்டி உங்களுக்குச் சொந்தமாக இருக்கும், விற்றாலும் நல்ல தொகை வரும், மறுக்கவில்லை. ஆனால் தவணை மாதாமாதம் கேட்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன் பக்கத்து நிலக்காரர்களிடம் போய், இப்போது யாரைக் கூப்பிடுகிறார்கள், ஏன் அவரை விட்டு உங்களைக் கூப்பிட வேண்டும் என்று நேராகக் கேட்டுப் பாருங்கள். 250 மணி நேரத்துக்கு ஆள் தேறாவிட்டால் இன்னும் ஒரு வருடம் வாடகை வண்டியிலேயே ஓட்டுங்கள்.

தேறினால் முதல் வண்டி. மீதிச் சேமிப்பை முன்பணத்தில் சேர்க்க வேண்டாம். வட்டியில்லாத கடனை முன்கூட்டி அடைப்பதில் ஒரு லாபமும் இல்லை. தவணையை அறுவடைக்கு அறுவடை கட்ட ஒத்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். மாதத் தவணைதான் என்றால் ஆறு மாதத் தவணை, 680 லிட்டர், தனிக் கணக்கில் கிடக்கட்டும். விதை, உரத்துக்கான பணத்தில் கை வைக்காமல் அதைப் பிரிக்க முடியாவிட்டால், வண்டியை அடுத்த அறுவடை முடிந்து எடுங்கள்.